சாமிக்குச் சோத்தாங்கைப் பக்கம்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காந்துக்கங்க தம்பி. எனக்கு இந்தப் பக்கம்தான் தோது. இங்கிருந்து பாத்தாத்தான் டிரைவரு காலு தெரியும். இருபத்திரெண்டு வருஷம் லாரி ஓட்டின ஆளு நானு. அடுத்தவர் ஓட்டுற வண்டியில உக்காந்தா கண்ணு தானா அவரு மிதி மேல போயிரும். இப்ப அந்த மாடு குறுக்க வந்துச்சுல்ல? ஒரே மிதி. அதுவும் பாதி மிதி. வண்டி சொன்ன பேச்சு கேட்டு நின்னுருச்சு. குடுத்து வச்ச மனுஷன்.

நீங்க உசிலம்பட்டி வரைக்குமா? நான் அம்புட்டுத் தூரம் போகல. நடுவுல அய்யனார்பட்டி விலக்குல எறங்கணும். அங்கதான் மச்சான் வீடு. என் வீட்டுக்காரி தவமணி அங்க வந்து இருக்கா. கூட்டிட்டு வரத்தான் போறேன். இன்னையோட இருபத்தஞ்சு நாளாச்சு. சண்ட சச்சரவெல்லாம் ஒண்ணும் கெடையாது, தப்பா நெனச்சுறாதீங்க. பிரேக்கு சரியில்ல, அதான்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. எங்க ஊர்லயும் இப்படித்தான் சிரிச்சாங்க. பொண்டாட்டி பொறந்த வீட்டுக்குப் போயிட்டான்னா குடி, சீட்டு, மாமியா, நாத்தனான்னு எதாச்சும் காரணம் இருக்கணும்ல? எனக்கு அதெல்லாம் கெடையாது தம்பி. காப்பி, வெத்தல, அம்புட்டுதான் நம்ம பழக்கம். எங்க வீட்டுல நடுவுல பூந்து குடும்பத்தக் கெடுத்தது மிதியில இருந்த காத்து.

எனக்கு ஊரு தாண்டிக்குடி, மலை மேல. பேரு குருநாதன். லாரிய விட்டதுக்குப் பெறகு ஒரு பழைய பிக்கப் வாங்கினேன். சௌசௌ, மலை வாழ, காப்பி மூட்ட, எது கெடச்சாலும் ஏத்திக்கிட்டு வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்கு எறங்குவேன். எறங்குறதுன்னா சும்மா இல்ல. பாதிக்கு மேல வளைவு. ஒரு பக்கம் பாற, ஒரு பக்கம் பள்ளம். அந்த ரோட்டுல பிரேக்கு இல்லாத வண்டிய ஓட்டுறவன் ஒண்ணு பைத்தியக்காரனா இருக்கணும், இல்ல தொழில் தெரிஞ்சவனா இருக்கணும். நான் மூணு மாசம் ஓட்டினேன். அதுல இருந்து நீங்களே தெரிஞ்சுக்கங்க.

எல்லாம் ஆயுத பூஜையில ஆரம்பிச்சது.

நான் மத்தவங்க மாதிரி வண்டியக் கழுவி, வாழக்கன்னக் கட்டி, டயருக்கு அடியில எலுமிச்சம்பழத்த வச்சு நசுக்கிட்டு பொரிகடல தின்னுட்டுப் போற ஆளு இல்ல. சாமிக்கு முன்னாடி வைக்கிறதுன்னா முக்கியமானத வைக்கணும்பேன். மலையில ஓடுற வண்டிக்கு எது முக்கியம்? பிரேக்கு. முன் சக்கரத்துல ஒரு இரும்புத் தட்டு சுத்தும் பாத்திருப்பீங்க. அத ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறதுக்கு ஒரு சாமான் இருக்கும், காலிப்பர்னு பேரு. சக்கரத்துக்கு ஒண்ணு. அந்த ரெண்டையும் கழட்டி, துருவச் சொரண்டி, வெள்ளி பெயிண்டு அடிச்சேன். பளபளன்னு கொலுசு மாதிரி ஆயிருச்சு. கழட்டும்போதே தவமணி கேட்டா, "ஓடிக்கிட்டு இருக்குறத எதுக்குங்க கழட்டுறீங்க?"ன்னு. பக்தி இல்லாத கேள்வி. நான் பாட்டுக்குக் கழட்டினேன்.

தலவாழ எலையப் போட்டு அவதான் எல்லாத்தையும் அடுக்குனா. வண்டி சாமி படத்தப் பாத்து நிக்கிது. அவ வண்டிக்கு எது சோத்தாங்கைப் பக்கமோ அத எலையில சோத்தாங்கைப் பக்கமும், நொட்டாங்கைப் பக்கத்துத நொட்டாங்கைப் பக்கமும் வச்சு சந்தனப் பொட்டு வச்சிருந்தா. நான் வந்து பாத்தேன். பாத்தா தப்பு. ஏன்னு கேளுங்க. எலையப் பாக்குறது யாரு? நாமளா? சாமி. சாமி நமக்கு எதிர்த்தாப்புல உக்காந்திருக்கு. சாமிக்குச் சோத்தாங்கைப் பக்கம் நமக்கு நொட்டாங்கைப் பக்கம் வரும். அத யோசிக்க வேணாமா? ரெண்டையும் எடுத்து மாத்தி வச்சேன். இந்த மாதிரி நுணுக்கமெல்லாம் இப்ப யாரும் பாக்குறதில்ல.

மறுநாள் எடுத்து மாட்டுறேன். ஒரு சக்கரம் முடிச்சு அடுத்த சக்கரத்துக்குப் போறேன், இவ கையில காப்பி டம்ளரோட வந்து நின்னுக்கிட்டு, "மாத்தி மாட்டுறீங்களோ?"ன்னா. ஸ்பேனர கீழ வச்சுட்டு ஒரு பார்வ பாத்தேன். காப்பிய வச்சுட்டுப் போயிட்டா. லாரிக்காரன் பொண்டாட்டி லாரிக்காரன் ஆயிர முடியுமா தம்பி? அவ கேட்டதப் பத்திப் பெறகு சொல்றேன்.

மாட்டி முடிச்சு ஏறி உக்காந்து மிதிச்சேன். மிதி பஞ்சு மாதிரி உள்ள போகுது. நான் அலட்டிக்கல. ஏன்னா கழட்டி மாட்டுனா காத்து பூரத்தான் செய்யும். பிரேக்குங்கிறது என்ன? மிதிச்சா எண்ணெய் குழா வழியா ஓடிப்போயி சக்கரத்தப் பிடிக்க வைக்குது. குழாக்குள்ள எண்ணெய் மட்டும்தான் இருக்கணும். காத்து பூந்துச்சுன்னா நீங்க மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் காத்த நசுக்கவே சரியாப் போயிரும், சக்கரத்துக்கு ஒண்ணும் போய்ச் சேராது. அதுக்கு வைத்தியம், ஏர் எடுக்கணும். காலிப்பர்ல ஒரு சின்ன நிப்பிள் இருக்கு. மேல ஒரு ஆளு மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது கீழ ஒரு ஆளு அந்த நிப்பிளத் தெறக்கணும். காத்து கொப்புளம் கொப்புளமா எண்ணெயோட வரும். நிப்பிள மூடின பெறகுதான் மேல இருக்குற ஆளு கால எடுக்கணும். முன்னாடி எடுத்தா வெளிக்காத்த உள்ள இழுத்துரும். ஒத்த ஆளு வேல இல்ல. வெளங்குதா?

தவமணிய ஏத்தி உக்கார வச்சேன். நான் கீழ படுத்தேன். "மிதி"ம்பேன், மிதிப்பா. "பிடி"ம்பேன், பிடிப்பா. நான் நிப்பிளத் தெறந்து மூடிட்டு "விடு"ம்பேன், விடுவா. அன்னைக்கு ஒரு முப்பது தடவ. மிதி பஞ்சாவே இருந்துச்சு. மறுநாள் அம்பது தடவ. அதே பஞ்சு.

நான் மொறையாப் போற ஆளு. ரெண்டு தடவ வேகமா மிதிச்சா மிதி மேல ஏறி வருதா? வருது. அப்ப காத்துதான். அழுத்திப் பிடிச்சா மெதுவாக் கீழ எறங்குதா? இல்ல. அப்ப எண்ணெயத் தள்ளி விடுற மாஸ்டர் சிலிண்டர் நல்லாருக்கு. நல்லாருக்குன்னு விட்டுறலாமா? சந்தேகம்னு வந்துருச்சு, அதையும் பிரிச்சு உள்ள ரப்பர் எல்லாம் மாத்துனேன். ரப்பர் ஓஸ் குழா மாத்துனேன். பின் சக்கரத்துல பிரேக் ஷூ மாத்துனேன். பிரேக் ஆயில் போலியா இருக்கும்னு திண்டுக்கல் வரைக்கும் போயி வேற டப்பா வாங்கியாந்து ஊத்துனேன். குழாய ஒரு சாண் விடாம கண்ணுல வெளக்கெண்ண விட்டுக்கிட்டுப் பாத்தேன். எங்கயும் ஒழுகல. மெக்கானிக்கா? வத்தலக்குண்டுல நாலு பேரு இருக்கான். எனக்கு அப்பறம் ஸ்பேனர் பிடிச்சவனுங்க. அவனுங்க முன்னாடி போயி என் வண்டி பிரேக்கு பிடிக்கலன்னு நிக்கச் சொல்றீங்களா?

எல்லாம் பாத்தாச்சு. பாக்காதது எது? மிதிக்கிற காலு. அப்பத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு. இவ நான் மூடுறதுக்கு முன்னாடியே கால எடுக்குறா.

கேட்டா இல்லங்குறா. "நீங்க சொல்லித்தான் எடுக்குறேன்"ங்குறா. பெறகு எப்படிக் காத்து பூருது? மானத்துல இருந்தா வருது? ஒருவேள காலுல பலம் இல்லையோன்னு நெனச்சேன். மெலிஞ்ச ஒடம்பு அவளுக்கு. ரெண்டு வாரம் ஆட்டுக்கால் சூப்பு குடுத்தேன் தம்பி. எந்தப் புருஷன் செய்வான்? அவதான் வச்சா, அது வேற விஷயம். கால வாங்கிட்டு வந்தது நானு. அதுக்கும் மிதி எறுகல. அப்பறம் என் செருப்ப மாட்டிக்கிட்டு மிதிக்கச் சொன்னேன், கனமா இருக்கும்னு.

சத்தம் போட்டேன், இல்லங்கல. வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்துக்கிட்டு, மூஞ்சியில எண்ணெய் சொட்ட, மேல இருக்குறவளுக்குக் கேக்கணும்னா எப்படிப் பேசுறது? கொஞ்சம் ஒசத்தித்தான் பேசணும். "பிடின்னா பிடிக்கணும்டி, பிடிக்கிற மாதிரி நடிக்கக் கூடாது"ன்னு சொல்லியிருக்கேன். "ஒனக்கு காலா அது, கத்தரிக்கா காம்பா"ன்னு கேட்டிருக்கேன். இதெல்லாம் தொழில் நடக்குற எடத்துல சாதாரணம். எங்க தெருவுல போறவனெல்லாம், "என்ன குருநாதா, இன்னுமா பிரசவம் ஆகல?"ன்னு கேட்டுட்டுப் போவான். அவ அதுக்கும் மிதி மேல கால வச்சபடியே உக்காந்திருப்பா. அழுத்தக்காரி.

இதுக்கு நடுவுல லோடும் போகணும்ல? போனேன். ரெண்டாவது கியர்லயே மலைய எறங்குறது, ஒவ்வொரு வளைவுக்கும் முன்கூட்டியே மிதிய நாலு தடவ அமுக்கி ஏத்தி வச்சுக்கிறது. தவமணியும் கூட வருவா. சும்மா வரல, வேலையாத்தான். டயருக்கு அண்டக் குடுக்குற கல்லு ஒண்ணு இருக்கு. அத மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. வண்டி வேகம் கொறையும்போதே கதவத் தெறந்து குதிச்சு, ஓடிப்போயி டயருக்கு அடியில கல்ல வச்சுருவா. நல்லாப் பழகிட்டா. மார்க்கெட்டுல எல்லாரும் வேடிக்க பாப்பாங்க. எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருக்கும்.

கல்யாணம் ஆயிருச்சா தம்பி உங்களுக்கு? ஆறு மாசமா? அப்ப இன்னும் ஏர் பூரல. கவனமாக் கேட்டுக்கங்க.

தை பொறந்து பத்து நாள் இருக்கும். காப்பிப் பழம் அரைக்கிற சமயம். அன்னைக்குக் காலையில உக்காந்து மிதிக்கிறேன், மிதி கல்லு மாதிரி நிக்கிது. எனக்குச் சந்தோஷம் தாங்கல. அதுக்கு முந்தி பழக்கத்துல நாலஞ்சு தடவ அமுக்கினதுல எண்ணெய் ஏறி நின்னுருக்கு, அது பெறகுதான் தெரிஞ்சுச்சு. அப்பத் தெரியல. "தவமணி, வா, ஏறு. ஓட்டிப் பாத்துருவோம்"ன்னேன். எங்க வீடு மேட்டுல இருக்கு. வாசல்ல இருந்து ரோடு சரிஞ்சு எறங்கும். எறக்கத்துல ஒரு முப்பது அடி உருள விட்டு நிறுத்திப் பாத்தா பிரேக்கு வண்டவாளம் தெரிஞ்சுரும்.

அவ சொன்னா, "நீங்க ஏறுங்க, நான் கீழ கல்ல வச்சுக்கிட்டு நிக்கிறேன்"னு. நான்தான் வேணாம்னேன். சக்கரத்துல தட்ட எப்படிக் கவ்வுதுன்னு பக்கத்துல நின்னு பாக்கத் தெரிஞ்ச கண்ணு வேணும். அது யாருக்கு இருக்கு? ஹேண்ட் பிரேக்கு அந்த வண்டியில பேருக்குத்தான். அவள டிரைவர் சீட்டுல ஏத்தி, அத எறக்கச் சொல்லிட்டு, கல்ல எடுத்தது நானு. "நான் சொல்லும்போது மிதி"ன்னேன்.

வண்டி உருண்டுச்சு. "மிதி"ன்னேன். நிக்கல. "மிதிடி"ன்னேன். நிக்கல. அது பாட்டுக்குப் போகுது. நான் கல்லத் தூக்கிக்கிட்டு பின்னாடியே ஓடுறேன். தெருவே பாக்குது. கீழ மெயின் ரோடு, அதுக்கு அங்கிட்டு பள்ளம். அவளுக்கு என்ன தோணுச்சோ, ஸ்டீரிங்க நொட்டாங்கைப் பக்கமா ஒடிச்சிருக்கா. அங்க காப்பித் தோலு மல மாதிரி குமிச்சுப் போட்டிருந்தாங்க. வண்டி அதுல போயி மூஞ்சியக் குடுத்து நின்னுச்சு. ஒத்த லைட்டுதான் ஒடஞ்சுச்சு. வேற சேதாரம் இல்ல. அவளுக்கு நெத்தியில ஸ்டீரிங் பட்டு ஒரு இது. புடைப்பு மாதிரி.

நான் ஓடிப்போயி கதவத் தெறந்தேன். நான் என்னமோ கேட்டேன், அவ என்னமோ சொன்னா. அதோட சரி. எறங்கி வீட்டுக்குப் போயி மூஞ்சியக் கழுவி, உலய வச்சு எனக்குச் சோறு வடிச்சு மூடி வச்சுட்டு, ஒரு பைய எடுத்துக்கிட்டு பத்து மணி பஸ்ஸுல ஏறிட்டா. நான் வண்டியக் காப்பித் தோலுக்குள்ள இருந்து இழுத்துக்கிட்டு இருந்தேன். கவனிக்கல.

இப்பச் சொல்லுங்க, இதுல கோவப்பட என்ன இருக்கு? நானும் உக்காந்து மொறையா ஒவ்வொண்ணாப் பாத்தேன். சேலையில எண்ணெய்க் கறை ஆனது காரணமோன்னு நெனச்சு புதுச் சேல ஒண்ணு குடுத்துவிட்டேன். பிரிக்காம திரும்பி வந்துருச்சு. சத்தம் போட்டதுதான் காரணம்னு அவ அண்ணன் பரமனுக்குப் போன் போட்டு, "மச்சான், நான் திட்டல, வண்டி எனக்கும் அவளுக்கும் நடுவுல இருந்துச்சு, அதான் ஒசத்திப் பேசினேன்"னு வெளக்கினேன். அவரு நல்ல மனுஷன், "சரிங்க மாப்ள, சொல்றேன்"னாரு. அதுக்கும் வரல. சூப்பு பிடிக்கலையோன்னுகூட யோசிச்சேன்.

போன வாரம் பொறுக்க முடியாம தனியாவே ஏர் எடுத்துருவோம்னு எறங்கினேன். மிதிக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு கட்டைய முட்டுக் குடுத்துட்டு கீழ போயிப் படுத்தேன். மேல ஆளு இல்ல. யாருகிட்டச் சத்தம் போடுறது? சும்மா படுத்துக் கெடந்தேன். ரொம்ப நாளைக்குப் பெறகு சத்தமே இல்லாம அந்தக் காலிப்பர மொறச்சுப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்.

நிப்பிள் கீழ பாத்து இருக்கு தம்பி.

காத்து எங்க போகும்? மேல போகும். சோடாவுல கொப்புளம் மேலதான வருது? நிப்பிள் மேல பாத்து இருந்தாத்தான் காத்து வெளிய வரும். கீழ பாத்து இருந்தா எண்ணெய்தான் வரும், காத்து மேல சொகமா உக்காந்திருக்கும். நூறு வருஷம் மிதிச்சாலும் போகாது. ரெண்டு சக்கரத்துலயும் கீழ பாத்து இருக்குன்னா என்ன அர்த்தம்? ரெண்டும் பக்கம் மாறிருச்சு. சாமிக்குச் சோத்தாங்கைப் பக்கம் வச்சது நமக்கு நொட்டாங்கைப் பக்கம் இருந்துச்சுல்ல, மறுநாள் நான் அத மறந்துட்டு எலையில இருந்த பக்கத்துக்கே எடுத்து மாட்டியிருக்கேன். மூணு மாசம் மூக்குக்கு நேரா அந்த நிப்பிள் தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. நான் மேல பாத்துக் கத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

அன்னைக்கே கழட்டி மாத்தி மாட்டிட்டேன். மாட்டிட்டு அப்பவே தவமணிக்குப் போன் போட்டேன். நான் மறைக்கிற ஆளு இல்ல. "இந்தா பாரு, காரணம் தெரிஞ்சுபோச்சு. ஒன் காலு மேல தப்பு இல்ல. என் மேலயும் தப்பு இல்ல. பூஜையில எடம் மாறினதுதான். சாமி காரியத்துல வந்தது, யாரையும் சொல்றதுக்கில்ல"ன்னேன். பெருந்தன்மையாத்தான சொன்னேன்?

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்"னா.

"சரி, தெரிஞ்சுருச்சுல்ல, கெளம்பி வா. ஏர் எடுக்க வேண்டியதுதான் பாக்கி"ன்னேன்.

பெறகு மெதுவாச் சொன்னா. "நீங்க மாத்தி மாட்டுனதுக்கும் நான் வரல, மூணு மாசம் கத்துனதுக்கும் வரல. அன்னைக்கு ஓடி வந்து கதவத் தெறந்து மொத வார்த்த என்ன கேட்டீங்க? இங்க வந்து எங்கண்ணன் முன்னாடி அதே வார்த்தைய என்னையக் கேளுங்க. நான் பேசாமக் கெளம்பி வந்துர்றேன்"னு. வச்சுட்டா.

இம்புட்டுதான் விஷயம். இது ஒரு பெரிய வேலையா? போயிக் கேட்டுட்டுக் கூட்டிட்டு வரப் போறேன். நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். பொண்டாட்டி நெத்தியில ரெத்தம்... புடைப்போட உக்காந்திருக்கா. ஓடி வந்த புருஷன் என்ன கேப்பான்? "அடி பட்டுருச்சா தவமணி"ன்னு கேப்பான். வேற என்ன கேப்பான்? அதத்தான் கேட்டிருப்பேன். பதட்டத்துல கொஞ்சம் ஒசத்திக் கேட்டிருப்பேன், அது வேணா அவளுக்குத் திட்டுற மாதிரி பட்டிருக்கும். பரமன் முன்னாடி நிதானமா, தன்மையாக் கேக்கலாம்னு இருக்கேன். "அடி பட்டுருச்சா தவமணி." சரியா இருக்கா? வத்தலக்குண்டுல இருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டேதான் வாரேன்.

என்ன தம்பி? இல்ல, பஸ் சத்தத்துல கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க.

அதுக்கு அவ என்ன பதில் சொன்னான்னா கேக்குறீங்க?

நான்தான் சொன்னேனே, அவ என்னமோ சொன்னா. அடி பட்டுருச்சான்னு கேட்டா ஆமாம்பா, இல்லம்பா. அவ... இருங்க. அவ ஆமாங்கல.

"மிதிச்சேங்க"ன்னா. "மிதிச்சுக்கிட்டேதாங்க இருக்கேன்"னா.

அப்படித்தான் சொன்னா. நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா நான் குனிஞ்சு பாத்தேன். மொகத்தப் பாக்கல, காலப் பாத்தேன். ரெண்டு காலும் மிதி மேல இருந்துச்சு. என் செருப்போட. வண்டி நின்னு எம்புட்டு நேரம் ஆச்சு, காப்பித் தோலு கண்ணாடி வரைக்கும் ஏறிக் கெடக்கு, அவ இன்னும் மிதிய விடல. தொட நடுங்குது. நெத்தியில இருந்து புருவத்துக்கு ரெத்தம் வந்து நிக்கிது, அதத் தொடைக்கக்கூட கைய எடுக்கல. நான் மேல கைய நீட்டி சாவிய அணைச்சேன். அணைச்சுட்டு லைட்டப் பாக்கப் போயிட்டேன்.

"மிதிச்சேங்க"ன்னு ஒருத்தி சொல்றான்னா அவகிட்ட என்ன கேட்டிருப்பேன் தம்பி.

"மிதிச்சியா இல்லையாடி"ன்னு கேட்டிருக்கேன். அதுதான் மொத வார்த்த. அவகிட்ட வேற எதையும் நான் கேக்கல. அதுக்குப் பெறகும் கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல.

இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி வேணாம், நீங்க குடிங்க. தூசி. எனக்கு வெக்கமா இருக்கு தம்பி, வேற ஒண்ணும் இல்ல. மூணு மாசம் கூடவே உக்காந்து வந்தவகிட்ட...

இத பரமன் முன்னாடி எப்படிக் கேக்குறது? அவரு நாற்காலியத் தூக்கிப் போட்டு, "வாங்க மாப்ள"ன்னு காப்பி குடுப்பாரு. அவ கதவோரம் நிப்பா. தழும்பு ஆறியிருக்குமா என்னன்னு தெரியல. அவ நெத்தியப் பாத்துக்கிட்டு அந்த வார்த்தையக் கேக்கணுமாம். அவளுக்குத் தெரியும், என்னால கேக்க முடியாதுன்னு. வேற கேள்வி எதாச்சும் வாயில வருதான்னு பாக்கத்தான் அப்படிச் சொல்லியிருக்கா.

ஏர் எடுக்குறது என்ன, எவனைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னாலும் பத்து நிமிஷ வேல. அது கெடக்கட்டும்.

கண்டக்டர்! அய்யனார்பட்டி விலக்கு எப்ப வரும்? தாண்டிருச்சா? எப்ப? சொல்லக் கூடாதாய்யா... சரி, சொல்லியிருப்பீங்க, நான்தான் பேசிக்கிட்டு இருந்தேன். இல்லல்ல, இங்க வேணாம், அடுத்த ஸ்டாப்புலயே எறங்கிக்கிறேன். திரும்பி நடக்கணும்னா ரெண்டு மைலு இருக்குமா தம்பி? இருக்கட்டும். அம்புட்டுத் தூரமாச்சும் வேணும், இப்ப அவகிட்ட என்ன கேக்குறதுன்னு எனக்குத் தெரிய.